துவக்கு அறைக் காவல்

பிணத்துக்குக் காவல் இருந்துவிட்டு வருகிற பொலிஸ்காரரை நேரே வீட்டுக்குள் விடமாட்டார்கள். நாங்கள் இருந்த நிலையத்தில் அப்படி ஒரு வழக்கம். எழுதி வைத்த சட்டமில்லை, மேலே இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்ததுமில்லை. காட்டுக்குள் யாராவது யானை அடித்தோ பாம்பு கடித்தோ கிடந்தால், மரண விசாரணை செய்கிற ஐயா வந்து பார்க்குமட்டும் ஒரு கொன்ஸ்தாபிள் பக்கத்தில் இருக்க வேண்டும். வன்னிக் காட்டுக்குள் அந்த ஐயா வந்து சேர ஒரு பகலும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இருந்துவிட்டு வருகிறவரை மற்றவர்கள் வழியிலேயே மறித்து, குவாட்டர்ஸ் கிணற்றடியில் இருத்தி, வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். ஊற்றிக்கொண்டே பிணத்தைப் பற்றிப் பகிடி விடுவார்கள். அவர் சிரிக்குமட்டும் ஊற்றுவார்கள். சிரித்துவிட்டால் வாளியை வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வீடு.

நான் ஒரு பொலிஸ்காரரைக் கலியாணம் முடித்து அங்கே போன புதிதில் குசினி யன்னலால் முதன்முதல் அதைக் கேட்டேன்.

"என்ன மச்சான், ஆள் உன்னட்டப் பீடி கேட்டதோ?"

"கேட்டது."

"குடுத்தனியோ?"

"முன்பின் தெரியாத ஆக்களுக்கு நான் பீடி குடுக்கிறேல்லை."

ஒரே சிரிப்பு. செத்த மனிசரை வைத்து இப்படியும் கதைப்பார்களா என்று பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டேன். ராத்தா என்றால் அக்கா. அவர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் பெண். அவருடைய கணவரும் அங்கே கொன்ஸ்தாபிள். அவரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். வாளி ஊற்றுகிற வேலைக்கு முன்னுக்கு நிற்பது நானாதான்.

ராத்தா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். "சிரிக்காட்டி அதையும் வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்திருவினம் புள்ள. பிறகு நீயல்லோ அதோட குடியிருக்கோணும்."

அந்த நிலையம் ஓமந்தைக்கு வடக்கே, பெருந்தெருவோரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் காடு. முன்னால் நிலையம், பின்னால் எங்கள் குவாட்டர்ஸ். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். நிலையத்துக்குப் பெரியவர் இன்ஸ்பெக்டர். அவருக்கு அடுத்தபடி வயதான ஒரு சிங்கள சார்ஜன்ட். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் வருகிற அளவு தமிழில் எல்லாரையும் ஏசவும் செய்வார், சாப்பிட்டாயா என்று கேட்கவும் செய்வார். நான் அவர்கள் ஒருவரோடும் கதைத்ததில்லை. இவரோடு கதைக்கவே எனக்கு ஒரு வருசம் எடுத்தது. இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை, அப்போது நடக்கப் பழகி ஓடித்திரிகிற வயது.

அந்த வருசம்தான் குளக்கட்டுகள் உடைந்த பெருமாரி வந்தது. காட்டுக்கு உள்ளே ஒரு சின்னக் குளம் கட்டு உடைத்து, கீழே இருந்த குடிசைகளை அடித்துக்கொண்டு போனது. ஒரு சின்னப் பெண்பிள்ளையின் பிணம் பற்றைக்குள் கிடந்து எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. இவரைக் காவலுக்கு அனுப்பினார்கள். இவர் போனபின் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து வழி அடைபட்டுப் போயிற்று. மாற்றுக்கு ஆள் போக முடியவில்லை. விசாரணை ஐயாவும் போக முடியவில்லை.

அங்கே நடந்தது எனக்கு நானா சொல்லித்தான் தெரியும். தண்ணீர் வடிந்ததும் விசாரணை ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். பிள்ளையின் தகப்பன் இவரிடம் வந்து கெஞ்சியிருக்கிறான். "ஐயா, பிள்ளையைத் தாங்கோ, நான் கொண்டுபோய்த் தாக்கிறன்" என்று காலைப் பிடித்திருக்கிறான். தாக்கிறது என்றால் புதைக்கிறது. இவர் மாட்டேன் என்றிருக்கிறார். சட்டம் அப்படி. விசாரணை முடியாமல் பிணத்தை விட்டால் வேலை போகும். தகப்பன் பிள்ளையை மூடிய படங்குச் சீலையின் மறுபக்கத்தில் வந்து குந்தினான். இவர் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நடுவில் பிள்ளை. மழை விட்டு விட்டுப் பெய்தது. நரியும் பன்றியும் வந்தபோது இரண்டு பேருமாகத் தடி எடுத்துக் கலைத்திருக்கிறார்கள். நானா போய்ச் சேர்ந்தபோது தகப்பன் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தானாம். உடல் அந்த அளவுக்குப் பழுதாய்ப் போய்விட்டது.

விசாரணை ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, எட்டத்தில் நின்று பார்த்து, தண்ணீரில் போன சாவுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். திரும்பும்போது இவரிடம் ஒரு சொல் கேட்டாராம்.

"ஏன் ஐசே இவ்வளவு நேரமும் வைச்சிருந்தனீர்? வழி அடைபட்டால் ஊர் விதானையைச் சாட்சிக்கு வைச்சுப் புதைச்சிருக்கலாமே. பிறகு எனக்கு அறிவிச்சாக் காணும்."

தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று நானா சொன்னார். அவன் இவருடைய முகத்தைப் பார்த்தானாம்.

அன்றைக்கும் கிணற்றடியில் இருத்தினார்கள். நான் குசினி யன்னலடியில் நின்றேன். வாளி ஊற்றுகிற சத்தம்தான் கேட்டது. பிள்ளையின் பிணம், யார் என்ன பகிடி விடுவது? ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒருவர் இன்ஸ்பெக்டரின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. இவருடைய உதடு நீலம் பாரித்து, பல்லுக் கிடுகிடுவென்று அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் நானா வாளியைப் போட்டுவிட்டு, "காணும், விடுங்கோடா, ஆளுக்குச் சன்னி வந்திரும்" என்றார். இவர் சிரிக்காமலே வீட்டுக்குள் வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளை நித்திரை கொள்ள முடியவில்லை. அவள் கண்ணை மூடிப் படுத்தால் இவர் போய் எழுப்பிவிடுவார். "எழும்பு, எழும்பு அம்மாச்சி, இஞ்சை பார்" என்று தோளைப் பிடித்து உலுக்குவார். அவள் வீரிட்டு அழுத பிறகுதான் கையை எடுப்பார். அழுகிற பிள்ளையைத் தூக்கவும் மாட்டார். நான் பிள்ளையைக் கொண்டுபோய் ராத்தா வீட்டில் படுக்க வைக்கத் தொடங்கினேன். ராத்தா தன் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பாயைத் தட்டிப் போடுவார். ஏன் என்று கேட்கமாட்டார். சோறும் சரியாக இறங்குவதில்லை இவருக்கு. இரண்டு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். என் அம்மா வந்து பார்த்துவிட்டு, பயந்த கோளாறு என்று நூல் கட்டுவித்தா. நூலும் கையில் கிடந்தது, அதுவும் கிடந்தது.

ஒரு நாள் நானாவும் சார்ஜன்ட்டும் எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார்கள். இவர் கிணற்றடிக்குப் போயிருந்த நேரம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பெரியவருக்குச் சொல்லுவமோ?" என்று நானா கேட்டார்.

"விசரா உனக்கு?" என்றார் சார்ஜன்ட். "சொன்னா என்ன நடக்கும்? டொக்டர் பாக்கும். கொழும்புக்கு அனுப்பும். பைத்தியம் எண்டு எழுதினா வேலை முடிஞ்சுது. இந்த நோனா, சின்னப் பிள்ளை எங்க போகும்?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நாங்க பாக்கிறது. வேற யாரு பாக்கிறது?"

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்தது. காட்டுக்குப் போகிற வேலை, பிணக் காவல், சண்டை விலக்குகிற வேலை எல்லாவற்றையும் மற்றவர்கள் பகிர்ந்து எடுத்தார்கள். பின்னேரங்களில் யாராவது ஒருவர் எங்கள் விறாந்தையில் வந்து இருப்பார். பெரும்பாலும் நானா. இடுப்புப் பட்டியையும் பித்தளைப் பொத்தான்களையும் ஒரு பழைய துணியில் கட்டிக்கொண்டு வந்து, இவருக்கு முன்னால் பரப்பிவிட்டு, "இந்தா, பாதி உன்ர" என்பார். இரண்டு பேரும் குனிந்து துடைப்பார்கள். நானா வாய் மூடாமல் கதைப்பார். முல்லைத்தீவு ஆறு, அதில் இறால், அவருடைய மாமியாரின் குறட்டை.

"மாமிக்கு மவுத்து வந்தால் மலக்குமார் முதல்ல அவவைத் திருப்பிப் படுக்கவைச்சுப் போட்டுத்தான் உயிரை எடுப்பினம் மச்சான். இல்லாட்டி அந்தச் சத்தத்தில அவையள் பயந்து ஓடியிருவினம்."

பக்கத்து வீட்டுக்குள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வரும். "என்ர உம்மாவைக் கதைக்காட்டி உங்களுக்குச் சோறு செமிக்காதே?"

இவர் சிரிக்கமாட்டார். ஆனால் பொத்தானைத் துடைப்பார். அதுவே பெரிய காரியம் என்று எனக்கு அப்போது இருந்தது.

இவருக்கு என்று அவர்கள் ஒதுக்கிக் கொடுத்த வேலை, நிலையத்தில் துப்பாக்கிகள் வைத்திருக்கிற துவக்கு அறைக்குக் காவல். வெயில் மழை இல்லை, சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை, மனிசர் முகம் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் கிடக்கிற வாங்குப் பலகையில் இருந்தால் சரி. அறைச் சாவி, நாங்கள் திறப்பு என்கிறது, இடுப்பில். இளைப்பாறப் போகிற வயதுக்காரருக்கும் காய்ச்சலில் எழும்பியவர்களுக்கும் கொடுக்கிற வேலை அது. அந்த நிலையத்தில் அதைவிட இலேசான வேலை கிடையாது. நல்லதை நினைத்துத்தான் கொடுத்தார்கள். துவக்கோடு சீவிக்கிற ஆட்களுக்குத் துவக்கு ஒரு சாமான், அவ்வளவுதான். எனக்கும் அது மனதில் படவில்லை. இவர் நனையாமல் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மாரி போய்ப் பனி தொடங்கிய காலம். ஒரு நாள் காலையில் இவர் எழும்பி, தானே முகம் சவரம் செய்து, நான் வைத்த பிட்டை முழுவதும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடும் என்று கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிக் கேட்கிறார். நானா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னடாப்பா, மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டிருக்கிறாய், பொம்பிளை பாக்கவோ?" என்று கேட்டார். இவர் சிரித்தார். நல்லாகச் சிரித்தார்.

நானா கையைத் தட்டி, "ராத்தா, இஞ்சை வா, ஆள் சிரிச்சிட்டான்!" என்று தன் மனைவியையே ராத்தா என்று கூப்பிட்டுக் கூத்தாடினார். அவருடைய கண் கலங்கியதையும் நான் பார்த்தேன்.

பிள்ளை இரவு முழுவதும் இருமியதால் ராத்தா வீட்டில் விடவில்லை, அப்போதுதான் என் பாயில் அயர்ந்திருந்தாள். இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். நான் எழுப்பப் போகிறார் என்று நினைத்து எழும்பினேன். இவர் எழுப்பவில்லை. நின்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உம்மட அம்மா வீட்ட போய்க் கொஞ்ச நாள் இருமன். நானாவைக் கேட்டா பஸ் ஏத்திவிடுவார்."

"ஏன்? நீங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வியள்?"

"அதைப் பற்றி யோசியாதையும்."

அதைச் சொன்ன விதம் மெத்தென்று இருந்தது. வெளிக்கிட்டுப் போய்விட்டார், வழக்கத்தைவிட நேரத்தோடே. நான் அடுப்படியில் போய் இருந்தேன். நல்லது நடந்த வீடு மாதிரி இருந்தது, ஆனால் எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இத்தனை நாளும் இவர் அந்தச் செத்த பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு விட்டுவிட்டார். நோயாளி நோவென்று கத்துகிறவரைக்கும் ஒரு பயம், கத்துவதை நிறுத்தினால் வேறு பயம். அந்த இரண்டாவது பயம் எனக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் இடுப்பில் இருக்கிற திறப்பு நினைவுக்கு வந்தது.

ராத்தாவிடம் ஓடினேன். ராத்தா பிள்ளைகளோடு குளத்துக்கு உடுப்புத் தோய்க்கப் போய்விட்டார். நானா சைக்கிளில் ஊருக்குள் போய்விட்டார். குவாட்டர்ஸில் வேறு யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? பிட்டு முழுவதும் சாப்பிட்டார், பிள்ளையை எழுப்பவில்லை, பயமாயிருக்கிறது என்றா? யாரும் கேட்டால் எனக்குத்தான் விசர் என்பார்கள்.

குவாட்டர்ஸ் பெண்கள் நிலையத்து முன்வாசலுக்குப் போவதில்லை. போனால் புருசனுக்கு மானக்கேடு. நான் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளையைத் தூக்கவில்லை, பாயிலேயே விட்டுவிட்டுப் போனேன். சார்ஜன்ட் மேசையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன நோனா? பிள்ளைக்குச் சுகமில்லையா?"

நான் உள்ளே போகிற நடைவழியைக் கையால் காட்டினேன்.

"என்ன? சொல்லுங்க. பயப்பட வேணாம்."

"திறப்பை வாங்குங்கோ ஐயா" என்றேன். "அவரிட்ட இருந்து திறப்பை வாங்குங்கோ."

அந்த ஆளுக்கு என் தமிழ் முழுவதும் விளங்கியிருக்காது. ஆனால் என் முகம் விளங்கிவிட்டது. பேனையை மூடவுமில்லை, எழும்பினார். ஓடவில்லை. சாதாரணமாக நடந்து உள்ளே போனார். நான் பின்னால் போய் நடைவழியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இவர் வாங்கில் இல்லை. துவக்கு அறைக் கதவு திறந்திருந்தது. இவர் உள்ளே நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சார்ஜன்ட் வாசலில் நின்று, பஸ்ஸில் இடம் கேட்கிறவர் மாதிரிச் சொன்னார். "மச்சான், கொஞ்சம் வெளியே வா. எனக்குக் கால் வலிக்குது, அந்த வாங்கில தனியா இருக்க ஏலாது."

இவர் திரும்பவில்லை.

"வா மச்சான். நான் வயசான ஆள்."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இவர் வெளியே வந்தார். வெறுங்கையோடு வந்தார். சார்ஜன்ட் கதவைச் சாத்தி, திறப்பை எடுத்துத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, இவரை வாங்கில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தார். இவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கிழட்டு மாடுகள் ஒரு மரத்தடியில் நிற்பது மாதிரி அவர்கள் இருந்தார்கள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கெட்ட மனிசர் இல்லை. ஒழுங்கு பார்க்கிற மனிசர். நடைவழியில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கிறாள், காவலுக்கு இருக்கிறவரின் கையைச் சார்ஜன்ட் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

"என்ன இது?"

சார்ஜன்ட் எழும்பி விறைப்பாக நின்றார். "ஒண்டுமில்லை சேர். நோனா வீட்டில பாம்பு. சொல்ல வந்தா."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "எங்கே பாம்பு?"

நான் குசினியில் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் இவர் வாங்கில் இருந்தபடியே சொன்னார்.

"பாம்பு இல்லை சேர். எனக்குச் சுகமில்லை. கன நாளாச் சுகமில்லை."

சார்ஜன்ட் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை பேர் இத்தனை நாள் மறைத்து வைத்ததை இவரே எடுத்து வெளியில் வைத்துவிட்டார். அதோடு வேலையும் முடிந்தது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டுக்கு ஓடினேன். பிள்ளை எழும்பி, பாயில் இருந்து தன் காலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர் நானா. திரும்பி வந்து என் குசினி வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். பிறகு இவர் ஆஸ்பத்திரியில் இருந்து மெலிந்து, கை நடுக்கத்தோடு வந்தார். பொலிஸ் வேலைக்கு உடம்பு ஏலாது என்று நிறுத்திவிட்டார்கள். குவாட்டர்ஸை விட்டு வெளிக்கிட வேண்டும். ராத்தா என் பெட்டியைக் கட்டித் தந்தார். "நீ போய்ச் சொல்லாட்டி இண்டைக்கு வேற பெட்டி கட்டியிருப்பம் புள்ள" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

என் அப்பாவுக்கு வட்டக்கச்சியில் காணி இருந்தது. அங்கே போனோம். இவர் வயலுக்குப் போவார், வாய்க்கால் வெட்டுவார், மாட்டைப் பார்ப்பார். ஊருக்குள் விசர்ப் பொலிஸ் என்று ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு முன்னால் சொல்லமாட்டார்கள். சில நாள் நல்லாக இருப்பார். சில நாள் வரம்பில் போய் இருந்துவிடுவார், வெயில் ஏறினாலும் எழும்பமாட்டார். அந்த நாட்களில் நான் அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணில் படுகிற தூரத்தில் ஏதாவது புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிற்பேன்.

சார்ஜன்ட் எங்களை விடவில்லை. அவர் தானாக வருவது குறைவு. ஆட்களை அனுப்புவார். நிலையத்தில் யாராவது கதை குறைந்து, சாப்பாடு குறைந்து திரிந்தால், லீவு கொடுத்து, "வட்டக்கச்சியில நல்ல மொட்டைக்கறுப்பன் அரிசி இருக்காம், போய் எனக்கு ஒரு மூடை வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுவார். அவருக்கு எத்தனை மூடை அரிசி தேவைப்பட்டது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வந்தவர்களுக்கும் தாங்கள் அரிசிக்கு வரவில்லை என்று தெரியும். இவர் அவர்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு மண்வெட்டியைக் கொடுத்து வாய்க்காலுக்குக் கூட்டிப் போவார். இரண்டு நாள் இருப்பார்கள், வெட்டுவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். போகும்போது ஒருவர் என்னிடம், "அண்ணை ஒண்டுமே கேக்கேல்லை அக்கா, அதுதான் பெரிய ஆறுதல்" என்றார். கேட்காமல் இருப்பதுதான் மருந்து என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்படி வந்தவர்களில் ஒரு இளம் கொன்ஸ்தாபிள். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் சின்னச் சிலுவை. வரும்போது கருவாடு கொண்டுவந்தார். நல்ல வேலைகாரர், நல்ல வாய். என் மகளை, "உனக்கு மாப்பிள்ளை பாத்து வைச்சிருக்கிறன், ஆனால் அவருக்குப் பல்லில்லை" என்று சீண்டி அழவைத்துச் சிரிக்கவைப்பார். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை. இவர்கூட இரவு படுக்கும்போது, "இந்தப் பெடியனுக்கு ஒண்டுமில்லை. சார்ஜன்ட் வீணாப் பயப்பட்டிட்டார்" என்றார். போகும்போது அவர் அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு, கையைக் காட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஒரு மாதம் ஆகுமுன் அவர் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. துவக்குத் துடைக்கும்போது வெடித்துவிட்டதாம். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள், அப்படித்தான் கோயிலில் சுவாமியாருக்கும் சொன்னார்கள். அதனால் அவரைக் கோயில் சேமக்காலையில், மற்றவர்களோடு, அடக்கம் செய்ய விட்டார்கள். கூட்டாளிமார் அவருக்குச் செய்யக்கூடியதாக மிஞ்சியது அவ்வளவுதான்.

செய்தி கேட்ட அன்று இவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வரம்பில் இருந்தார். பொழுது மத்தியானம் திரும்பியும் எழும்பவில்லை. நான் புல்லுப் பிடுங்கினேன். பிடுங்கப் புல்லில்லாமல் மண்ணைப் பிடுங்கினேன். அப்போது பெருந்தெருப் பக்கத்திலிருந்து நானா வருகிறது தெரிந்தது. அவர் அதற்குள் வேறு நிலையத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. முதல் பஸ்ஸிலேயே ஏறியிருக்கிறார். உடுத்திருந்த சாரம் முழுவதும் தூசி.

"தங்கச்சி, சோறு இருக்கோ?" என்று கேட்டுவிட்டு நேரே வரம்புக்குப் போய் இவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். நானா பிசைந்தார். நாலைந்து வாய் சாப்பிட்டார். மாமியாரைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயில் சோற்றோடேயே இவரைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சாகவேணுமெண்டு யோசிக்கிறியோ?"

என் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது. அந்தச் சொல்லை இத்தனை வருசமும் யாரும் இவருக்கு முன்னால் சொன்னதில்லை. சார்ஜன்ட் சொல்லவில்லை, கொழும்பில் சொன்னார்களோ தெரியாது, நான் நினைத்ததுகூட வேறு சொல்லில்தான். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று பாம்பைப் பெயர் சொல்லாமல் விடுகிற மாதிரி.

இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்.

"இண்டைக்கு இல்லை."

"சரி" என்றார் நானா. "நாளைக்கும் கேப்பன். அந்தப் பெடியனை ஒருத்தரும் கேக்கேல்லை மச்சான். நாங்கள் அவன்ர பல்லைப் பாத்தம். சிரிக்கிறான், சரியெண்டு விட்டிட்டம்." பிறகு என் பக்கம் திரும்பி, "சொதி விடுங்கோ தங்கச்சி, சோறு காய்ஞ்சு போச்சு" என்றார். சொதி ஊற்றும்போது அவர் கன்னத்தால் தண்ணீர் வழிந்து கோப்பையில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார்.

லீவு முடியுமட்டும் நின்றார். ஒவ்வொரு நாளும் கேட்டார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது கேட்டார், முகம் கழுவும்போது கேட்டார், மழை வருமோ என்று கேட்கிற மாதிரி. இவர் ஒரு நாள் இல்லை என்றார். ஒரு நாள், "விடியப்புறம் யோசிச்சனான், இப்ப இல்லை" என்றார். ஒரு நாள் ஓம் என்றார். அன்றைக்கு நானா பக்கத்தை விட்டு அசையவில்லை. கிணற்றடிக்கும் கூடப் போய் நின்றார்.

போகிற நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நான் போனால் இனி நீங்கள்தான் கேக்கோணும்."

"ஐயோ நானா, என்னால ஏலாது. அப்பிடி ஒரு சொல்லு என்ர வாயால..."

"அண்டைக்கு ஸ்டேசன் வாசலுக்கு வந்தனீங்கள் தானே?"

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

அன்றிரவு நான் படுக்கவில்லை. மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். விடிந்ததும் தேத்தண்ணி போட்டு, கோப்பையை இவருடைய கையில் கொடுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். மாடு கத்தியது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் பதிலுக்காக அசையாமல் அந்த இடத்திலேயே நின்றேன்.